திங்கட்கிழமை கிளம்பாத வண்டி

கூட்டுறவுச் சங்கமொன்றின் வவுச்சர்களைப் புரட்டும்போது நம் கண் பெரிய தொகைகளில் அவ்வளவாக நிற்பதில்லை. பெரிய தொகைக்குத் தீர்மானம் இருக்கும். மூன்று விலைப்புள்ளிகள் இருக்கும். தலைவரின் கையெழுத்தும் இருக்கும். திரும்பத் திரும்பத் தலைகாட்டும் நடுத்தரத் தொகைகளே ஆராயத்தக்கவை. சென்ற ஆண்டு ஆய்வுக்குச் சென்ற ஒரு சங்கத்தில் நாம் கண்டது அத்தகையதொரு தொகை. 20 மாதங்களுக்குள் ஒரே வண்டிக்கு மூன்று பாட்டரிகள் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொன்றும் 7,000 ரூபாய்க்கு மேல்.

சங்கத்தின் பெயர் இங்கு வேண்டியதில்லை. காய்கறி விளைவிப்போரின் விற்பனைச் சங்கம் அது. அயலூர் நெசவாளர் சங்கமும் நூல் சிப்பங்களை ஏற்றிவரவும், நெய்த சேலைகளைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் வாரத்தில் இரண்டு பிற்பகல் அதே வண்டியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். ஆக, ஒரு வண்டியை நம்பி இரண்டு சங்கங்கள். 14 ஆண்டு ஓடிய டீசல் பிக்கப் வண்டி, எஞ்சினில் குறையில்லை. ஆயினும் சில நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்குச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றொரு சத்தம் மட்டும் வரும், செல்ப் எடுக்காது. நான்கு பேர் கூடித் தள்ளி, இறக்கத்தில் உருட்டிக் கிளப்பிச் சந்தைக்குப் போய்ச் சேர்வதற்குள் மொத்த வியாபாரம் முடிந்துவிடும். வெண்டையும் கத்தரியும் ஐந்து மணிக்கு விற்கும் விலை வேறு, ஏழு மணிக்கு விற்கும் விலை வேறு என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

"பாட்டரிகளின் ஆயுள் இவ்வளவு குறைந்தமைக்குக் காரணம் யாது? இதற்குப் பொறுப்பு யாருடையது?" என்று ஆய்வுக் குறிப்பில் இரண்டு வினாக்களை எழுதிவிட்டு நாம் வந்துவிட்டோம். வினாக்களை அந்த வரிசையில் எழுதினோமே ஒழிய, நிர்வாகக் குழு இரண்டாவது வினாவிற்கு முதலில் விடை கண்டுவிட்டது. டிரைவரே பொறுப்பாளி என்று தீர்மானித்து, மூன்றாவது பாட்டரியின் விலையை மாதம் 1,500 ரூபாய் வீதம் அவருடைய சம்பளத்தில் பிடிக்க உத்தரவாயிற்று. அதற்கு ஒரு சாட்சியும் இருந்தது. சனிக்கிழமை மாலை, வண்டியை ஷெட்டில் விட்ட பிறகு, டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்பானரோடு பாட்டரியில் ஏதோ செய்துகொண்டிருந்ததை இரவுக் காவலர் கண்டிருக்கிறார். நல்ல பாட்டரியைக் கழற்றிவிட்டுப் பழையதை வைத்துவிடுகிறார் என்ற பேச்சு ஊரில் எழுந்தது.

நாம் மறுமுறை சென்றபோது இரண்டு மாதப் பிடித்தம் முடிந்திருந்தது. டிரைவர் நம்மினும் இருபது வயது மூத்தவர். அலுவலக வாசலில் நின்றுகொண்டே பேசினார்.

"பணம் போனாப் போவுதுங்க சார். பாட்டரியை வித்துத் தின்னுட்டேன்னு பேசறாங்க பாருங்க, அதுதானுங்க தாங்கல."

"உட்காருங்க அண்ணா" என்று சொல்லி, முதலில் அந்தக் குற்றச்சாட்டையே ஆராய்ந்தோம். அது எளிதாயிற்று. ஒவ்வொரு பாட்டரியின் மேலும் ஒரு வரிசை எண் பொறிக்கப்பட்டிருக்கும். விற்பனைப் பில்லிலும் அதே எண் இருக்கும். வண்டியில் அப்போது இருந்த பாட்டரியின் எண் மூன்றாவது பில்லின் எண்ணோடு ஒத்திருந்தது. பழைய இரண்டின் எண்களும் சங்கத்தின் கழிவுப் பொருள் விற்பனைப் பதிவேட்டில், பழைய ஈயத்திற்குரிய விலையோடு பதிவாகியிருந்தன. பாட்டரி மாறவில்லை. குழுவினர் இதனைப் பத்து நிமிடத்தில் பார்த்திருக்கலாம். நாமும் முதல் ஆய்வின்போதே பார்த்திருக்கலாம்.

திருட்டு இல்லையென்றால் பாட்டரிகள் ஏன் சாகின்றன? வண்டியின் ஓட்டப் பதிவேட்டை வாங்கி, கிளம்பாத நாட்களை மட்டும் தனித்தாளில் எழுதினோம். மொத்தம் 11 நாட்கள். அவற்றில் 9 திங்கட்கிழமைகள். ஒன்று பொங்கல் விடுமுறைக்கு மறுநாள். ஒன்று தீபாவளிக்கு மறுநாள். செவ்வாய் முதல் சனி வரை ஒரு நாளும் இல்லை. சனிக்கிழமை நண்பகல் வண்டி ஷெட்டுக்கு வந்தால் திங்கட்கிழமை விடியற்காலை மூன்று மணிக்குத்தான் மறுபடி கிளம்பும்; இடையே 39 மணி நேரம். மற்ற நாட்களில் வண்டி நிற்பது சுமார் பத்து மணி நேரமே. வண்டி ஓடும்போது குறை தெரியவில்லை, நிற்கும்போதுதான் ஏதோ நிகழ்கிறது என்பது அந்தத் தாளிலேயே விளங்கிற்று.

இன்னொன்றும் விளங்கிற்று. நடுவில் எட்டு வாரங்கள் ஒரு திங்கட்கிழமையும் வண்டி நிற்கவில்லை. அந்த எட்டு வாரங்களில் என்ன நடந்தது என்று டிரைவரைக் கேட்டோம்.

"சனிக்கிழமை சாயந்திரம் எர்த் ஒயரைக் கழட்டி வெச்சுட்டுப் போயிருவனுங்க. திங்கக்கிழமை வந்து மாட்டுனா ஒரே இழுப்புல எடுத்துக்கும். அதைத்தானுங்க காவக்காரர் பார்த்துட்டுப் போய்ச் சொன்னது. அப்புறம் பாட்டரியத் தொடக்கூடாதுன்னுட்டாங்க."

காவலர் புகார் எழுதிய தேதியைப் பார்த்தோம். அதற்கு அடுத்த திங்கட்கிழமையே வண்டி மீண்டும் நின்றிருந்தது. டிரைவர் செய்தது குற்றமன்று. அது ஒரு சோதனை. எர்த் கழற்றியிருந்தால் மின்சாரம் நிற்கிறது, மாட்டியிருந்தால் போகிறது. ஆகவே பாட்டரியில் பழுதில்லை, வண்டியில் எங்கோ ஒழுக்கு இருக்கிறது என்று அவர் தம்மை அறியாமலே நிரூபித்துவிட்டார். அந்தச் சோதனையைத்தான் சங்கம் சாட்சியமாக எடுத்து அவருக்கு எதிராக வைத்தது.

வரப்பில் நண்டு வளை விழுந்த வயலைப் போன்றது இவ்வண்டி. பகலெல்லாம் மடையில் நீர் வந்துகொண்டிருக்கும்வரை வயல் நிறைந்தே தோன்றும். மடையை அடைத்துவிட்டு இரண்டு இரவு கழித்துப் பார்த்தால் தரை தெரியும். வண்டியில் மடையாவது ஆல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது அது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை அழுத்தத்தில் பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிறது. வயல் காய்கிறதென்று மண்ணை மாற்றிக்கொண்டிருப்பவர் எவரும் இல்லை. ஆயின் மூன்று பாட்டரி மாற்றினார்கள்.

இங்குப் பாட்டரியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். 1859ஆம் ஆண்டில் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர் அமைத்த ஈய பாட்டரியின் தத்துவமே இன்றளவும் நம் வண்டிகளில் உள்ளது. ஈயத் தகடுகளும் ஈய ஆக்ஸைடு பூசிய தகடுகளும் கந்தக அமிலம் கலந்த நீரில் அமிழ்ந்திருக்கின்றன. மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளின்மீதும் ஈய ஸல்பேட் படிகிறது; மின்னூட்டும்போது அப்படிவு கரைகிறது. காலியான பாட்டரியை நாட்கணக்கில் அப்படியே விட்டால் படிவு இறுகிக் கரையாத உப்பாகிவிடும். பிறகு எவ்வளவு ஊட்டினாலும் பழைய வலிவு வாராது. வாரந்தோறும் பாதிக்குமேல் காலியாகிய பாட்டரி ஓராண்டு தாங்குவதே அரிது. நமது கோடை வெப்பமும் அதன் ஆயுளைக் குறைக்கும். உத்தரவாதத்தைக் காட்டி மாற்றிக் கேட்டபோது, "இது தயாரிப்புக் குறையன்று, டிஸ்சார்ஜ் ஆனது" என்று கடைக்காரர் மறுத்ததும் முறையே.

12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள். வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து மீட்டரில் அளந்தால் 12.6 வோல்ட்டோ சற்று மேலோ காட்டுவது நிறைந்த பாட்டரி. 12.4 எனில் முக்கால், 12.2 எனில் பாதி, 12.0 எனில் கால் பங்குதான் மிச்சம். பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டவுடன் "பாட்டரி சரியாக இருக்கிறது" என்று சொல்லிவிடுகிற மெக்கானிக்குகளை நாம் பார்த்திருக்கிறோம். பன்னிரண்டு வோல்ட் காட்டும் பாட்டரி ஏறக்குறையப் பட்டினி கிடப்பது. மூடி திறக்கக்கூடிய பாட்டரியானால் ஹைட்ரோமீட்டர் இன்னும் நன்று. ஆறு அறைகளிலும் அடர்த்தி ஒரே அளவாகக் குறைந்திருந்தால் ஒழுக்கு அல்லது ஊட்டக்குறைவு. ஓர் அறை மட்டும் தாழ்ந்து மற்றவை நன்றாயிருந்தால் பாட்டரியே பழுது. இந்த வண்டியில் ஆறும் ஒன்றுபோலத் தாழ்ந்திருந்தன.

இதற்குமுன் ஒரு மெக்கானிக் வந்து பார்த்ததுண்டு. பாட்டுப் பெட்டிக்கு யாரோ பியூஸ் பெட்டியின் வழியாக அன்றி, பாட்டரியிலிருந்தே நேரடியாக ஒயர் இழுத்திருந்தார்கள். அவர் அதனை அறுத்துவிட்டு, "இனித் தொல்லை இராது" என்று கூலி வாங்கிச் சென்றார். அடுத்த திங்கட்கிழமை வண்டி நின்றது. அந்த ஒயரை அறுத்தது தவறன்று. அறுப்பதற்கு முன்னும் பின்னும் அளக்காமையே தவறு. அளந்திருந்தால் பெரிய ஒழுக்கு அப்படியே இருப்பது அன்றே தெரிந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பக்கத்து நகரிலிருந்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து வந்தோம். டிரைவரும் காரியதரிசியும் உடனிருந்தனர். எழுதுகிற வேலை நம்முடையது. செய்த முறையை விவரமாகத் தருகிறோம். வண்டி வைத்திருக்கும் எந்தச் சங்கத்திலும் ஒரு சாதாரண மல்டிமீட்டரைக்கொண்டு இதனைச் செய்யலாம்.

பாட்டரியின் அருகில் பீடியோ நெருப்போ கூடாது. அதிலிருந்து வெளிப்படும் வாயு தீப்பற்றக்கூடியது. கைமோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். முதலில் பாட்டரியின் மேற்பரப்பைத் துடைத்தார்கள். அமிலப் பிசுக்கும் தூசியும் சேர்ந்து ஈரமானால் அதன் வழியாகவே சிறிது மின்சாரம் கசியும். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, மூடிகளுக்குள் இறங்காதபடி கழுவித் துடைத்து, டெர்மினல்களில் பூத்திருந்த பச்சையையும் வெள்ளையையும் சுரண்டினார்கள். பின்பு முழுதாக மின்னூட்டினார்கள்.

அடுத்து, சாவியை எடுத்துவிட்டு, விளக்குகளையெல்லாம் அணைத்து, கதவுகளைச் சாத்தினார்கள். கதவு திறந்திருந்தால் உள்விளக்கு எரிந்து கணக்கைக் கெடுக்கும். எர்த் ஒயரைப் பாட்டரியிலிருந்து கழற்றினார்கள். எதைக் கழற்றினாலும் எர்த்தை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, ஒரு முனையைக் கழற்றிய எர்த் ஒயரிலும் மறு முனையைப் பாட்டரியின் நெகடிவ் டெர்மினலிலும் வைத்தார்கள். இப்போது வண்டி குடிக்கும் மின்சாரம் யாவும் மீட்டரின் வழியாகவே செல்ல வேண்டும். இந்நிலையில் மறந்தும் சாவியைத் திருப்பலாகாது. செல்ப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுப்பது. மீட்டரின் பியூஸ் போய்விடும்.

மீட்டர் 1.1 ஆம்பியர் காட்டிற்று.

கம்ப்யூட்டர் வைத்த புதிய வண்டிகளில் அவை அடங்கும்வரை அரைமணி நேரம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். அடங்கிய பிறகு 0.05 ஆம்பியர் வரை இருக்கலாம். இதைப்போன்ற பழைய வண்டியில் அதற்கும் குறைவாகவே இருக்க வேண்டும். 1.1 ஆம்பியர் வீதம் 39 மணி நேரத்திற்கு ஏறக்குறைய 43 ஆம்பியர்-மணி. பாட்டரியின் மொத்தக் கொள்ளளவே 75. பாதிக்கு மேல் போய்விட்டது. பொங்கலுக்கு மூன்று நாள் நின்றபோது 79. அதாவது முழுவதும் போய், இல்லாததையும் கேட்டிருக்கிறது. வாரநாட்களில் பத்து மணி நேரத்திற்கு 11தான்; மறுநாள் ஓட்டத்தில் அது நிரம்பிவிடும். ஓட்டப் பதிவேடும் மீட்டரும் ஒரே கதையைச் சொல்லின.

இனி ஒழுக்கு எந்தக் கிளையில் என்று காண வேண்டும். வாய்க்காலில் ஒவ்வொரு மடையாக அடைத்துப் பார்ப்பது போல, பியூஸ் பெட்டியில் ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கி, மீட்டரைப் பார்த்து, மறுபடி செருகினார் எலக்ட்ரீஷியன். எண் குறைந்தால் அந்தக் கிளையே குற்றவாளி. ஹாரன், முன்விளக்கு, பின்விளக்கு, வைப்பர் என்று நாம் வரிசையாகக் குறித்துக்கொண்டு வந்தோம். பெட்டி முடிந்துவிட்டது. ஓர் எண்ணும் அசையவில்லை. காரியதரிசியின் முகம் வாடிற்று. இதற்கும் பாட்டரியே காரணமோ என்று முணுமுணுத்தார்.

அப்போது டிரைவர் ஒரு செய்தி சொன்னார். "சாவியை எடுத்தப்புறமும் மீட்டர் போர்டுல பாட்டரி லைட்டு மின்மினி மாதிரி தெரியுதுங்க. பகல்ல தெரியாது. விடிகாலம் இருட்டுல வர்றப்பத்தானுங்க தெரியும். மூணு பேருகிட்டச் சொன்னேன். வயசாச்சு, கண்ணு அப்படித்தான் இருக்கும்னாங்க."

எலக்ட்ரீஷியன் சட்டென்று நிமிர்ந்தார். பியூஸ் பெட்டிக்கே போகாமல் பாட்டரியோடு நேராக இணைந்த தடித்த ஒயர்கள் சில உண்டு. செல்ப் மோட்டார், ஹீட்டர் பிளக் ரிலே, ஆல்டர்னேட்டர் ஆகியவற்றுக்குரியவை அவை. ஆல்டர்னேட்டருக்குள் பிறப்பது இருதிசை மின்சாரம். அதனை ஒருதிசையாக்கி வெளியே விடுபவை டயோடுகள். அவை ஒருவழிக் கதவுகள். கதவொன்று பழுதாகிச் சரியாகச் சாத்தாவிட்டால், எஞ்சின் நின்ற பிறகு பாட்டரியின் மின்சாரம் பின்னோக்கி ஆல்டர்னேட்டருக்குள் புகுந்து அதன் சுருளில் சூடாகி வீணாகும். அந்தத் திருட்டு வழியில் ஒரு துளி டாஷ்போர்டு விளக்கின் வழியே செல்வதால்தான் அது மின்மினியாகத் தெரிந்தது. ஆல்டர்னேட்டர்மீது கை வைத்துப் பார்த்தோம். வண்டி ஒரு நாளுக்கு மேலாக நின்றிருந்தது, எஞ்சின் குளிர்ந்திருந்தது, ஆல்டர்னேட்டர் மட்டும் இளஞ்சூடாயிருந்தது.

ஐயம் தீரவில்லையாதலால் அளந்தே முடிவு செய்தார்கள். மீட்டரை எடுத்துவிட்டு, எர்த்தைத் தனியே ஒதுக்கி வைத்தபின், ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரையும் பக்கத்துச் சிறு ஒயரையும் கழற்றி முனைகளில் டேப் சுற்றினார்கள். எர்த்தை ஒதுக்காமல் இந்த நட்டைத் தொட்டால் ஸ்பானர் வண்டி உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மறுபடி மீட்டரை வைத்தபோது 1.1 என்றிருந்தது 0.02 ஆகிவிட்டது.

முன்பு வந்த மெக்கானிக் ஆல்டர்னேட்டரையும் சோதித்தே இருந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு அளந்து, 13.8 காட்டுகிறது, நன்றாயிருக்கிறது என்றார். டயோடொன்று கசிந்தாலும் மற்றவை வேலை செய்துகொண்டிருக்கும். பகலில், சுமையில்லாமல் அளக்கும்போது குறை வெளித்தோன்றாது. ஓடும்போது நல்ல பெயர் வாங்குகிற பழுது இது. நின்ற வண்டியில்தான் இதனைப் பிடிக்க முடியும்.

டயோடு பிளேட் மாற்றிய செலவு கூலியுடன் 1,900 ரூபாய். ஆல்டர்னேட்டரையே புதிதாக வாங்கிவிடலாம் என்று காரியதரிசி கருதினார். தேவையில்லை என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிட்டார். பேரிங்கும் கார்பனும் நன்றாகவே இருந்தன. எர்த் ஒயரில் பாட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆப் ஸ்விட்ச் ஒன்று வைத்தால் போதுமே என்றும் ஒரு யோசனை வந்தது. நீண்ட நாள் நிற்கும் டிராக்டருக்கும் பவர் டில்லருக்கும் அது நல்ல ஏற்பாடு. ஆயினும் ஒழுக்கை அடைக்காமல் அதனை வைப்பது, நோயை வைத்துக்கொண்டு வாசலைப் பூட்டுவதாகும் என்று நாம் கூறினோம். குழு பழுதையும் நீக்கி, ஸ்விட்சையும் வைத்துக்கொண்டது.

குழுக் கூட்டத்தில் நம் அறிக்கையோடு மூன்று பில்களையும், கழிவு விற்பனைப் பதிவேட்டையும், கிளம்பாத நாட்களின் தாளையும் வைத்தோம். சம்பளப் பிடித்தம் ரத்தாயிற்று; பிடித்த 3,000 ரூபாயைத் திருப்பித் தரத் தீர்மானம் எழுதினார்கள். டிரைவர்மீது குற்றமில்லை என்ற வாசகத்தையும் தீர்மானத்தில் சேர்க்க வேண்டுமென்று நாம் வற்புறுத்தினோம். பணம் கொடுத்த பிறகு அது எதற்கு என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். காவலர்தாம் முதலில் எழுந்து, "எழுதிப் போடுங்க, நான் பார்த்ததைத் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்றார். எழுதினார்கள். நம்முடைய பழைய ஆய்வுக் குறிப்பின் இரண்டாவது வினாவிற்கு நேரே, அது காரணம் அறியுமுன் எழுதப்பட்டது என்று நாமும் ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டோம்.

மூன்றாவது பாட்டரி முற்றிலும் கெட்டுவிடவில்லை. மெதுவாக நீண்ட நேரம் ஊட்டி, டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி வைத்ததில் ஓரளவு தேறிற்று. கிணற்று நீரும் குழாய் நீரும் அதற்கு ஆகா, அமிலமும் ஊற்றலாகாது. அந்தப் பாட்டரியே இன்னும் வண்டியில் இருக்கிறது. இப்போது ஓட்டப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியுள்ளது. சனிக்கிழமை மாலையும் திங்கட்கிழமை விடியற்காலையும் பாட்டரியின் வோல்ட்டை அளந்து டிரைவர் அதில் எழுதுகிறார். நாம் கடைசியாகச் சென்று பார்த்த வாரத்தில் சனிக்கிழமை 12.5, திங்கட்கிழமை 12.5. பக்கத்தில், கேளாமலே, "விளக்கு தெரியவில்லை" என்றும் எழுதியிருந்தார்.